நாண் அடிக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

கோவையிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஐ.டி. வேலை. மூன்று மாதமாகச் சனி, ஞாயிறு காலைகளில் ஒரு கிளப்பில் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) பழகுகிறார். வலக்கைக்காரர்; வில்லை இடக்கையில் பிடிக்கிறார். உயரம் 5 அடி 2 அங்குலம். கிளப் கொடுத்திருப்பது 66 அங்குல மர வில். லிம்பில், அதாவது வில்லின் வளையும் பாகத்தில், ‘28 அங்குலத்தில் 26 பவுண்டு’ என்று எழுதியிருக்கிறது. பத்து அம்பு விட்டால் மூன்று நான்கு முறையாவது நாண் இடது முன்கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்பை ஒட்டி, சுளீரென்று அடிக்கிறது. அந்த இடம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போய், ஆறுவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது.

‘ஆர்ம்கார்டு (முன்கைக் காப்பு) போட்டுப் பழகினால் தப்பு திருந்தாது. தோல் தடித்தால் வலி போய்விடும்’ என்கிறார் பயிற்சியாளர். ‘முழங்கையை மடக்கிப் பிடி’ என்கிறார் உடன் பழகும் ஒருவர். ‘சொந்தமாக 30 பவுண்டு வில் வாங்குங்கள், நாண் வேகமாகப் போய்விடும், கையில் படாது’ என்கிறார் கடைக்காரர். அலுவலகத்தில் கையைப் பார்த்தவர்கள் ‘வீட்டில் ஏதாவது பிரச்சினையா’ என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் அம்பை விடும் கணத்தில் இவருக்குக் கண் மூடிக்கொள்கிறது, வில் பிடித்த கை தானாகப் பின்வாங்குகிறது. ‘கையை நீட்டினால் என் முழங்கை பின்பக்கமாக வளையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது வில்லுக்கு லாயக்கில்லாத கையா? விட்டுவிடலாமா?’ என்று கேட்கிறார்.

விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட்டின் பதில்:

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். உங்கள் கையில் குறை ஒன்றுமில்லை. நீட்டினால் நேர்கோட்டைத் தாண்டி வளையும் முழங்கை பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, இயல்பாக அமைவது. அப்படிப்பட்ட கைக்கு வில் பிடிக்கும் முறையில் இரண்டு மூன்று திருத்தங்கள் கூடுதலாகத் தேவை. அவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவருமே நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றுமே தவறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன் கன்றிய கையைக் கவனிப்போம்.

முதலில் காயம்

கன்றல் என்பது தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து நிற்பது. அடித்துக்கொண்டே இருந்தால் தோல் தடிக்கும் என்பது உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் பொருந்தும். முன்கையின் உட்புறத் தோல் மெல்லியது. அங்கே காய்ப்பு ஏறாது. ஆறாத இடத்தில் மறுபடி மறுபடி அடி விழுந்தால் கசிவு பெரிதாகி, உள்ளே கட்டிபோல் இறுகலாம்.

அடிபட்ட முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கசிவு கூடும். மூன்றாம் நாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆவது சாதாரணம். தொட்டாலும் வலிக்காத நிலை வரும்வரை அம்பு விட வேண்டாம். அந்த நாட்களும் வீணாகாது, கீழே சொல்லும் முழங்கைப் பயிற்சிக்கு அவைதான் சரியான நேரம்.

முன்கையிலோ மோதிர விரல், சுண்டுவிரலிலோ மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு இருந்தால், வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானால், விரல்களை நீட்டும்போது வலி ஏறிக்கொண்டே போனால், மூன்று வாரத்திலும் கன்றல் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிபடாத இடங்களிலும் கன்றிப்போனால், ஈறில் ரத்தம் கசிந்தால், அதற்கும் வில்லுக்கும் சம்பந்தமில்லை. உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அலுவலகத் தோழிகள் கேட்பதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெண்ணின் கையில் வாரா வாரம் புதிய கன்றல் தெரிந்தால் கேட்க வேண்டியதுதான் முறை. மருத்துவரும் கேட்பார். வில் பழகுகிறேன், நாண் அடித்தது என்று நேராகச் சொல்லுங்கள்.

அடி எங்கே விழுகிறது?

நாண் அடிக்குக் காரணம் ஏழெட்டு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் எது பலித்தது என்றே தெரியாது. கையில் அடி விழுந்த இடத்தைப் பார்த்தால் தேட வேண்டிய காரணங்கள் பாதியாகக் குறையும்.

மணிக்கட்டுக்கு அருகில், முன்கையின் கீழ்ப்பாதியில் அடித்தால் முதலில் வில்லைச் சந்தேகியுங்கள். நாண் ஓய்ந்து நிற்கும்போது அதற்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரத்துக்குப் பிரேஸ் ஹைட் என்று பெயர். அது குறைந்திருந்தால், அம்பை அனுப்பிவிட்டு முன்னால் அதிரும் நாண் மணிக்கட்டுவரை வந்துவிடும். முழங்கைக்கு மேலே, புஜத்தில் அடித்தாலோ மார்பை உரசினாலோ தோளும் நிற்கும் நிலையும் காரணம்: வில் பிடித்த பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், அல்லது இடது பாதம் முன்னால் தள்ளி உடம்பு நாணின் பாதைக்குள் திரும்பியிருக்கும்.

உங்களுக்கு அடி விழுவது முழங்கை மடிப்பை ஒட்டி. அது கையின் வடிவமும் பிடியும் சேர்ந்து செய்யும் வேலை. பிரேஸ் ஹைட்டை எவ்வளவு கூட்டினாலும் நாண் அந்த மடிப்பைக் கடந்துதான் முன்னே போக வேண்டும் என்பதால், வில்லை மாற்றுவதால் மட்டும் உங்கள் பிரச்சினை தீராது. இன்னொன்றும் உண்டு. மடிப்பருகே அடி விழும் கணத்தில் அம்பு இன்னும் நாணை விட்டுப் போகவில்லை. நாண் கையில் பட்டுத் தடுமாறினால் அம்பும் தடுமாறும். உங்கள் அம்புகள் காரணமில்லாமல் சிதறுகின்றன என்று தோன்றியிருந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை ஆர்ம்கார்டின் மேல் லேசாக முகப்பவுடர் தூவி ஐந்து அம்பு விடுங்கள். நாண் தொட்ட இடத்தில் கோடு விழும். வலியை வைத்து ஊகிப்பதைவிட அந்தக் கோடு துல்லியமானது. திருத்தம் பலிக்கிறதா என்பதையும் அதுவே காட்டும்.

முழங்கையைத் திருப்புங்கள், மடக்காதீர்கள்

இடக்கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, முழங்கை மடிப்பு வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். மேற்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. முழங்கையில் ஒரு சிறு கோணம் உண்டு, அது எல்லோருக்கும் உண்டு. மடிப்பு வானம் பார்த்திருக்கும்போது அந்தக் கோணத்தின் முனை, அதாவது முழங்கையின் உட்பக்க எலும்பும் சதையும், நேராக நாண் வரும் பாதைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அடி விழுவது அங்கேதான்.

இப்போது உள்ளங்கையை அசைக்காமல் மேற்கையை மட்டும் தோளிலிருந்து திருப்புங்கள். தோளிலிருந்து கைவிரல் நோக்கிப் பார்த்தால் இடக்கைக்கு இது கடிகார முள் திசை. மடிப்பு வானத்தை விட்டு உங்களுக்கு முன்புறம், நாண் இருக்கும் பக்கம் பார்க்கும்; மடிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும்; முழங்கையின் கூர் முனை தரையை விட்டு வெளிப்பக்கம் திரும்பும். துருத்திய எலும்பு கீழே இறங்கிவிட்டதால் நாணுக்கு வழி கிடைக்கிறது.

சரியாகத் திருப்பினீர்களா என்று அறிய எளிய சோதனை: திருப்பிய நிலையிலேயே முழங்கையை மடக்கிப் பாருங்கள். கை படுக்கைவாட்டில் மார்பை நோக்கி வந்தால் சரி. முகத்தை நோக்கி மேலே வந்தால் இன்னும் திரும்பவில்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பின்பக்கம் வளையும் முழங்கையைத் திருப்பிவிட்டு முழுக்க இறுக்கிப் பூட்டினால், வளைவின் புடைப்பு மறுபடி நாண் பக்கமே வரும். திருப்பியும் அடி விழுகிறதே என்று உங்களைப் போன்ற பலர் மனம் சோர்வது இதனால்தான். ஆகவே திருப்பிய பின், கடைசிப் பூட்டைத் தளர்த்தி, பின்வளைவு நேராகும் அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் கை நேராகத் தெரிய வேண்டும், மடங்கியதாகத் தெரியக் கூடாது.

‘மடக்கிப் பிடி’ என்ற ஆலோசனை இங்கேதான் தவறுகிறது. நன்றாக மடக்கினால் நாண் கையை விட்டு விலகும் என்பது உண்மை. ஆனால் வில்லின் பாரத்தை எலும்பு தாங்காமல் தசை தாங்க நேரிடும். பத்தாவது அம்பில் கை நடுங்கும். ஒவ்வொரு அம்புக்கும் மடக்கும் அளவு மாறும். இழுக்கும் நீளமும் கூடவே மாறும். கொஞ்ச நாளில் தோளும் வலிக்கத் தொடங்கும்.

பயிற்சியை வில் இல்லாமல் தொடங்குங்கள். கதவு நிலைக்குப் பக்கவாட்டில் நின்று, இடது உள்ளங்கையை நிலையில் தோள் உயரத்தில் பதியுங்கள். விரல்கள் கடிகாரத்தில் பத்தரை மணித் திசையைப் பார்க்கட்டும். தோளைக் கீழே இறக்கி, நிலையை லேசாகத் தள்ளியபடியே முழங்கையைத் திருப்புங்கள். 5 வினாடி நிறுத்தித் தளர்த்துங்கள். 10 முறை செய்தால் ஒரு சுற்று. காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு. திருப்பும்போது தோள் கூடவே ஏறினால் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். ஏறிய தோளோடு பழகிவிட்டால் அதைப் பின்னால் திருத்துவது மிகக் கடினம். சிலருக்கு மடிப்பு முழுச் செங்குத்தாகத் திரும்பாது, பாதிவரைதான் வரும். அதுவே பெரும்பாலும் போதும். வலிக்கும் அளவுக்கு முறுக்காதீர்கள்.

ஒரு வாரத்துக்குப் பின் ரப்பர் பட்டையைப் பிடித்து, வில் இழுப்பதுபோல் முகவாய்வரை இழுத்துச் செய்யுங்கள். அதன்பின் வில். அம்பு இல்லாமல் பாதி இழுத்து, முழங்கையைச் சரிபார்த்து, மெல்லத் திரும்ப விடுங்கள். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே இறங்கும்; லிம்ப் பிளந்து முகத்தில் தெறிக்கலாம்.

உள்ளங்கையில் எந்த இடம்?

முழங்கைக்கு அடுத்த காரணம் பிடி. புதிதாகப் பழகுபவர்கள் வில்லை மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் இறுக்குகிறார்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு உள்பக்கம் திரும்பி, முன்கை நாணுக்கு நேர் பின்னால் வந்துவிடும். முழங்கையை எவ்வளவு திருப்பினாலும் பயனிருக்காது. நாணை விடும் கணத்தில் இறுகிய கை வில்லையும் முறுக்கும்.

உங்கள் உள்ளங்கையில் ஆயுள் ரேகையைப் பாருங்கள். அந்த ரேகைக்கும் பெருவிரலுக்கும் நடுவில் உள்ள மேட்டில்தான் வில்லின் கைப்பிடி அழுந்த வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கம் கைப்பிடி தொடவே கூடாது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை கைப்பிடியின் கழுத்தில் உட்காரட்டும். விரல் முட்டிகள் 45 பாகைச் சாய்வில் வரிசையாக நிற்கட்டும். பெருவிரல் இலக்கை நோக்கி நீளும், மற்ற விரல்கள் தொய்ந்திருக்கும். வில்லை நீங்கள் பிடிப்பதில்லை, தள்ளுகிறீர்கள்.

இப்படி விட்டால் வில் கீழே விழுந்துவிடுமே என்ற பயம் நியாயமானது, கை தானாக இறுகுவதும் அந்தப் பயத்தால்தான். அதற்கு ஃபிங்கர் ஸ்லிங் என்ற சிறு கயிறு இருக்கிறது. இருமுனையிலும் கண்ணி உள்ள ஒரு பழைய ஷூ லேஸே போதும். வில்லுக்கு முன்புறமாகப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் இணைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அம்பு போனதும் வில் அரை அங்குலம் முன்னே துள்ளிக் கயிற்றில் நிற்கும். கயிறு பிடிக்கும் என்று கைக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் விரல்கள் உண்மையில் தளரும்.

முகப்பவுடர் இங்கேயும் உதவும். கைப்பிடியில் தூவி, இழுத்துத் திரும்ப விட்டு, உள்ளங்கையைப் பாருங்கள். வெள்ளை ஆயுள் ரேகையைத் தாண்டியிருந்தால் கையை மாற்றி வையுங்கள்.

நிலை, விடுதல், உடை

தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, இடது பாதத்தை மட்டும் சற்றுப் பின்னுக்கு இழுத்து, அதன் விரல்கள் 20 முதல் 30 பாகை இலக்கைப் பார்க்கும்படி நில்லுங்கள். மார்பும் மேற்கையும் நாணின் பாதையிலிருந்து விலகும்.

நாணை விடும்போது வலக்கை முகத்தை விட்டு வெளிப்பக்கம் பறக்கிறதா என்று பாருங்கள். விரலைச் சுற்றி வழுகும் நாண் எப்போதுமே கொஞ்சம் நெளிந்துதான் போகும். வீணைத் தந்தியைச் சுண்டுவதுபோல் விட்டால் அந்த நெளிவு பெரிதாகிக் கையைத் தொடும். விரல்களைத் தளர்த்தினால் போதும், கை தாடையை உரசியபடி நேர் பின்னால் காதை நோக்கிப் போக வேண்டும்.

தொளதொளப்பான குர்த்தாக் கை, துப்பட்டா, வளையல், வாட்ச், முன்னால் விழும் பின்னல், நீளமான தாலிச் சங்கிலி எல்லாமே நாணில் சிக்கக்கூடியவை. சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு மேலே செஸ்ட்கார்டு (மார்புக் காப்பு) அணிந்துகொள்ளுங்கள்.

வில்லை அளந்து பாருங்கள்

உங்கள் அடிக்கு வில் முதற்காரணம் இல்லை என்றேன். ஆனாலும் கிளப் வில் பல கை மாறுவது, அளவு கலைந்தே இருக்கும். பிரேஸ் ஹைட்டை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. டி-ஸ்கொயரை (T வடிவ அளவுகோலை) நாணில் பொருத்தி, கைப்பிடியின் மிக ஆழமான இடம்வரை அளக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு கிடைத்தால் அதுவே கணக்கு. மர வில்லுக்கு அது குறைவாகவும் இருக்கும். போட்டி ரிகர்வ் வில்லுக்குப் பொதுவாகத் தொடங்கும் அளவுகள்: 64 அங்குல வில்லுக்கு 21 முதல் 21.6 செ.மீ., 66-க்கு 21.3 முதல் 21.9, 68-க்கு 21.6 முதல் 22.2, 70-க்கு 21.9 முதல் 22.5.

குறைந்திருந்தால் ஸ்ட்ரிங்கர் (நாண் பூட்டவும் கழற்றவும் உதவும் கயிறு) போட்டு நாணைத் தளர்த்தி, ஒரு கண்ணியைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே ஐந்து முறுக்குக் கூட்டி, மறுபடி பூட்டி அளக்கச் சொல்லுங்கள். முறுக்க முறுக்க நாண் குறுகும், பிரேஸ் ஹைட் கூடும். டேக்ரான் என்ற செயற்கை இழையாலான புதிய நாண் முதல் சில நாட்களில் நீளும், அதனால் அடிக்கடி அளக்க வேண்டியிருக்கும். பழைய மர வில்லில் டேக்ரானுக்குப் பதிலாக நீளாத நவீன நாண் மாட்டுவது லிம்ப் நுனியை உடைக்கலாம். முறுக்கியபின் நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பைப் பொருத்தும் இடத்தின் குறி) நகர்ந்திருக்கும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

30 பவுண்டு வில் வேண்டாம்

வில்லின் பலம் கூடினால் நாணின் பாதை மாறாது. அதே பாதையில் அதே கையை இன்னும் பலமாக அடிக்கும், அவ்வளவுதான். பாரம் தாங்காமல் தோள் ஏறி உள்ளே சரியும்போது புதிதாக இன்னோர் இடத்திலும் அடி விழும்.

லிம்பில் எழுதியிருக்கும் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். 28 அங்குலம் இழுத்தால் 26 பவுண்டு என்று பொருள். இரு கைகளையும் விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறைய வரும். விரித்த கைகளின் அகலம் பெரும்பாலும் உயரத்துக்குச் சமம். உங்கள் 62 அங்குலத்துக்கு 25 அங்குலம் வருகிறது. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். ஆகவே உங்கள் விரலில் இப்போது ஏறுவது 20 பவுண்டு. பழகத் தொடங்கும் பெண்ணுக்கு 16 முதல் 20 வரை என்பதே நல்ல அளவு. நீங்கள் அதன் மேல் எல்லையில் நிற்கிறீர்கள். கடைக்காரர் சொல்லும் வில் 24-க்குக் கொண்டுபோய்விடும்.

நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி, வில்லை நேராக முன்னால் பிடித்து முழுவதும் இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், அல்லது வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் இழுக்க வருகிறது என்றால், இப்போதைய வில்லே உங்களுக்கு அதிகம். கிளப்பில் குறைந்த பவுண்டு லிம்ப் கேளுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் லிம்பைக் கழற்றி மாற்றக்கூடிய ஐ.எல்.எஃப். வகை ரைசரில் (வில்லின் நடுவிலுள்ள கைப்பிடிப் பாகத்தில்) மட்டும் பணத்தைப் போடுங்கள். லிம்ப் விலை குறைந்ததாக இருக்கட்டும். பிறகு இரண்டிரண்டு பவுண்டாக ஏறலாம்.

ஆர்ம்கார்டும் உங்கள் பயிற்சியாளரும்

ஆர்ம்கார்டு தவறை மறைக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு துளி உண்மை உண்டு: வலிக்கவில்லை என்பதால் நாண் படுவதையே கவனிக்காமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குத்தான் பவுடர் சோதனை. வலியால் தவறு திருந்துவதில்லை. வலி கையைச் சுருங்க வைக்கிறது. சுருங்கிய கை வேறொரு தவறைக் கற்கிறது. உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். ஒலிம்பிக்கில் 70 மீட்டரிலிருந்து 122 செ.மீ. இலக்கின் 12.2 செ.மீ. நடுவட்டத்தைக் குறிபார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆர்ம்கார்டு அணிந்தே நிற்கிறார்கள். சர்வதேசப் போட்டி விதிகளும் ஆர்ம்கார்டு, செஸ்ட்கார்டு, ஃபிங்கர் டேப் (நாண் இழுக்கும் விரல்களுக்கான காப்பு) ஆகியவற்றை அனுமதிக்கின்றன.

நீங்கள் வாங்க வேண்டியது முழங்கையைத் தாண்டி மேற்கைவரை போகும் நீளமான வகை. குட்டையான ஆர்ம்கார்டின் மேல்விளிம்பு உங்களுக்கு அடி விழும் இடத்திலேயே முடியும். நாண் அந்த விளிம்பில் சிக்கினால் அடி இன்னும் மோசம். பட்டைகள் சட்டைக்கையையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கட்டும். விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

பயிற்சியாளரிடம் வாதாடப் போகாதீர்கள். மூன்று காரியம் கேளுங்கள்: ‘என் முழங்கை பின்னால் வளையும், திருப்பப் பழகுகிறேன், ஒவ்வொரு அம்புக்கும் முன் பார்த்துச் சொல்கிறீர்களா? பிடியைப் பவுடர் வைத்துப் பார்க்கலாமா? பிரேஸ் ஹைட்டை இன்று அளக்கலாமா?’ அக்கறையுள்ளவர் என்றால் இந்தக் கேள்விகளே அவரை உங்கள் பக்கம் கொண்டுவரும். கையைத் தொட்டுத் திருத்துவது சங்கடமாக இருந்தால் ‘சொல்லுங்கள், நானே திருப்புகிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆர்ம்கார்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிளப் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் வேறு கிளப் பாருங்கள். உங்கள் தோலும் நரம்பும் அவருடைய பயிற்சி முறைக்குச் சோதனைக்களம் ஆக வேண்டியதில்லை.

கண் மூடுவதும் கை பின்வாங்குவதும்

இதைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். கன்றல் இரண்டு வாரத்தில் போய்விடும். பயத்தில் சுருங்கும் பழக்கம் ஊறிவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கையை ஏமாற்ற முடியாது, இனி அடி விழாது என்று அதற்குத் திரும்பத் திரும்பக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கன்றல் ஆறியபின் முதல் மூன்று வாரம் இலக்குத் தாளே வேண்டாம். பெரிய வைக்கோல் அல்லது ஃபோம் தடுப்பின் முன் 5 மீட்டரில் நில்லுங்கள். நீள ஆர்ம்கார்டு, அதன்மேல் பவுடர். ஒவ்வொரு அம்புக்கும் ஒரே வரிசை: கைப்பிடியில் கை, முழங்கை திருப்பம், பூட்டைத் தளர்த்தல், தோள் இறக்கம், பிறகு இழுப்பு. முழுவதும் இழுத்தபின் முழங்கையைத் திருப்ப முயலாதீர்கள், பாரம் ஏறிய பிறகு அது திரும்பாது. அம்பு தடுப்பில் குத்தும் சத்தம் கேட்கும்வரை வில் கை இருந்த இடத்திலேயே நிற்கட்டும்.

ஒரு நாளைக்கு 30 முதல் 40 அம்பு போதும். களைத்த தோள்தான் முதலில் ஏறும், ஏறியதும் நாண் மறுபடி கையைத் தேடி வரும். ஆறு அம்பில் ஒருமுறை பவுடரைப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் அடுத்த அம்பை எடுக்காமல் பிடியையும் முழங்கையையும் வில் இல்லாமல் ஐந்து முறை சரிபாருங்கள். ஒரு தோழியை உங்களுக்குப் பின்னால், அம்பு விடும் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, போனில் ஸ்லோ மோஷனில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். நாண் கடக்கும்போது முழங்கைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பது தெளிவாகத் தெரியும்.

அந்த மூன்று வாரம் முடிந்து, பவுடரில் கோடு விழாமல் இரண்டு முழுப் பயிற்சி நாள் கடந்தால் இலக்குத் தாளை மாட்டி 10 மீட்டருக்குப் போகலாம். தூரம் கூடும்போது பழைய பயம் ஓரிரு நாள் எட்டிப்பார்க்கும். அப்போது வெட்கப்படாமல் 5 மீட்டருக்கே திரும்பி வந்து, பத்து அம்பு விட்டு, மறுபடி போங்கள்.